மல்லிகைத் தெரு என்று எழுதியவன்

சாதிப் பெயருள்ள தெருக்களுக்குப் புதுப் பெயர் வைக்க எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் தயாரித்த பட்டியலின் ஏழாவது வரியில் பழைய பெயர் ‘அரிசன காலனித் தெரு’ என்றும், பரிந்துரைக்கும் பெயர் ‘மல்லிகைத் தெரு’ என்றும் இருக்கிறது. தட்டச்சு செய்தவன் நான். அந்தத் தெருக்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவில் கேட்டிருந்த பெயர் அம்பேத்கர் தெரு. மல்லிகையை எழுதிய வேளையில் அந்த மனு என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

விதியை மீறினேன் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி 2025 அக்டோபரில் வந்த அரசாணை, தலைவர்கள், புலவர்களின் பெயர்களோடு பூக்களின் பெயர்களையும் மாற்றாகச் சொல்லியிருந்தது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது மனதார மகிழ்ந்தவன்தான் நானும். ஆனால் மகிழ்வது வேறு, கோப்பு எழுதுவது வேறு. எந்தச் சாதியார் வடம் பிடிப்பது என்ற பிணக்கில் சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவிக் கோயில் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2024-இல் காவலர் சூழ ஓடியதை அறிந்தவர்கள், எங்கள் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகையை வெறும் தகரமாகப் பார்க்க மாட்டார்கள். அம்பேத்கர் பெயரை எழுதியிருந்தால் மன்றத்தில் ஒருவர் எழுந்து வேறொரு தலைவரின் பெயரைச் சொல்லியிருப்பார், இரண்டும் நின்றுபோயிருக்கும். பலகையில் யாராவது தார் பூசினால் வழக்கும் அடியும் முதலில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத்தான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் பொய் இருப்பதாக இன்றும் தோன்றவில்லை. ஆனால் செயல் அலுவலர் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் எதையும் கேட்கவே இல்லை.

வரைவுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாள், அந்தத் தெருவில் குடியிருக்கும் எங்கள் தூய்மைப் பணியாளர் ஒருவர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வந்தவர், என் மேசையருகே நின்றார்.

“மல்லிகைன்னு யாரு சார் கேட்டா?”

“யாரும் எதிர்க்க மாட்டாங்கம்மா, அதான்.”

“அரிசனன்னு வச்சப்பவும் யாரும் எதிர்க்கலையே சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை மூடி என்னிடம் தந்துவிட்டுத் தள்ளுவண்டியை எடுக்கப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்கு எத்தனையோ பதில்களை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அன்று ஒன்றுமே வரவில்லை. ‘அரிசன’ என்பது 1930-களில் காந்தியார் நல்லெண்ணத்தோடு பரப்பிய சொல். அந்தப் பெயரைத் தாங்க வேண்டியவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அம்பேத்கரும் அதை ஏற்கவில்லை. என் மல்லிகையும் நல்லெண்ணத்தில் வந்ததுதான் என்று நினைக்கும்போது எனக்கே சற்றுக் கூசுகிறது.

இரண்டாவது வரியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் திணறியிருப்பேன். அது, முகப்பு ஒரு வீதியிலும் பின்வாசல் அடுத்த வீதியிலும் இருக்கும் பெரிய வீடுகளின் வீதி. பெயரின் கடைசிச் சொல் ‘செட்டியார்’. சென்னையிலிருந்து அந்த வீட்டுப் பெரியவர் வந்து, அது சாதியைக் குறிப்பதன்று, ஊருணி வெட்டிய தம் பாட்டையாவின் பெயர், தங்கள் குடும்ப விலாசத்தோடு சேர்ந்தது என்று கடிதம் கொடுத்தார். சென்னையில் ஜி.என். செட்டி சாலையை ஜி.என். சாலை ஆக்கிய பிறகும் மக்கள் பழையபடியே சொல்கிறார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தக் கடிதத்தை அன்றே, வரும் கடிதங்களைத் தேதிவாரியாகக் குறிக்கும் தன்பதிவேட்டில் பதிந்து, ‘தனிநபர் பெயர், மாற்றம் தேவையில்லை’ என்று எழுதினேன். இரண்டு வரிகளுக்கும் நடுவே இடைவெளி நான்கு வரிகள்தாம்.

வாஷிங்டனில் நடந்ததைச் சில நாள் எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். கறுப்பின மக்களின் உயிருக்கும் மதிப்புண்டு என்ற இயக்கத்துக்கு ஆதரவாக, 2020 ஜூனில் வெள்ளை மாளிகைக்கு அருகில் 16-ஆம் தெருவின் ஒரு பகுதிக்கு அந்த முழக்கத்தையே பெயராக வைத்து, சாலையில் மஞ்சள் வண்ணத்தில் பெரிதாக எழுதினார்கள். நாடாளுமன்றத்தின் நெருக்கடிக்குப் பின், பெயர் வைத்த அதே மேயரின் நிர்வாகம் 2025 மார்ச்சில் எழுத்துகளைப் பெயர்த்தெடுக்கத் தொடங்கியது. வைத்துப் பிடுங்குவதைவிட வைக்காமலிருப்பது மேல் என்று வாதிட இது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் அங்கே நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயர் தரையில் கிடந்தது. யாரோ அதன்மேல் நடந்து போனார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு நாள்கூட இல்லை.

பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்த அரசாணையின்படி பெயர் மாற்றுவதில் இறுதி நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. பட்டியல் அப்படியே நின்றது. உண்மையில் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த அம்மா இப்போதும் காலையில் கையெழுத்திடுகிறார், வணக்கம் சொல்கிறார். பேச்சு அத்தோடு சரி.

மனுவைக் கோப்பில் சேர்த்துவிடலாம் என்று கடந்த வாரம் இழுப்பறையிலிருந்து எடுத்தேன். சேர்க்க வேண்டுமானால் முதலில் தன்பதிவேட்டில் ஏற வேண்டும். இன்றைய தேதியில் பதிந்தால் பட்டியல் போன பிறகு வந்த மனு என்றாகும். வந்த தேதியில் பதிய அந்தப் பக்கத்தில் இடமில்லை, செட்டியார் வீட்டுக் கடிதத்துக்குக் கீழே கோடு போட்டு மூடியிருக்கிறேன். மனு மறுபடியும் இழுப்பறையில் இருக்கிறது.