தர்பாரா, நாயகியா: ஒரு காந்தாரத்தோடு பத்து வாரம்

நேற்றிரவு எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சையில் 20 ஆலாபனைத் துண்டுகளில் (பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கும் பகுதிகள்) 17-க்கு ராகம் தர்பாரா, நாயகியா என்று சரியாகச் சொல்லிவிட்டேன். இவை கர்நாடக இசையில் ஒன்றோடொன்று எளிதில் குழம்பும் இரண்டு ராகங்கள். பத்து வாரங்களுக்கு முன்பு 9 மட்டுமே சரியாக இருந்தது. கேட்காமலே ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும் என்பதால், இந்த 17 எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

தர்பாரில் அமைந்த 'சலமேல' வர்ணத்தைப் பாடம் செய்தவர் தர்பார் கீர்த்தனையைக் கேட்டதும் அந்த வர்ணத்தின் சாயலை வைத்தே ராகத்தைச் சொல்லிவிடுவார். 'ரங்கநாயகம் பாவயே' என்று பல்லவி எழுந்துவிட்டால் நாயகி என்பதில் ஐயமே இல்லை. ஆனால் பாட்டை அறிந்து ராகத்தைச் சொல்வது ராகத்தை அறிந்ததாகாது என்ற உறுத்தல் எனக்கு நெடுநாளாக இருந்தது. ஆகவே சாகித்தியமே (பாட்டின் சொற்கள்) வராத பகுதிகளை மட்டும் பன்னிரண்டு பன்னிரண்டு விநாடிகளாக ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி எடுத்தேன். அவற்றுக்கு எண் மட்டும் இட்டு வரிசையைக் கலைத்துத் தரும் பொறுப்பைத் தங்கை ஏற்றுக்கொண்டாள்.

முதல் மூன்று வாரங்களும் வேகத்தை நம்பி வீணாயின. தர்பார் துடிப்பாக நடக்கும், நாயகி நிதானமாக நகரும் என்று கணக்கு வைத்திருந்தேன். விளம்பமாக, அதாவது மெதுவாக, விரிக்கப்பட்ட தர்பார் ஆலாபனை ஒன்று வந்ததும் அந்தக் கணக்கு குலைந்தது.

அதன்பின் ஒரே ஒரு பிடியை (ராகத்தைக் காட்டும் ஸ்வரக் கோவை) மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டு ராகங்களும் கரகரப்பிரியா என்ற தாய் ராகத்தில் பிறந்தவை. ஏட்டில் அவரோகணமும் (ஸ்வரங்கள் இறங்கும் வரிசை) ஒன்றே. 'ம ரி க ரி ஸ' (மத்தியமம், ரிஷபம், காந்தாரம், ரிஷபம், சட்ஜம்) என்று எழுதிவிட்டால் எது எந்த ராகம் என்று தாளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அந்த ஐந்து ஸ்வரங்களைச் சுருதி மாறாமல் பாதி வேகத்துக்குக் குறைத்து, ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். தர்பாரில் காந்தாரம் ஜண்டையாக, அதாவது இரட்டையாக, 'க க ரி ஸ' என்று அழுத்தம் பெற்று, நீண்டு நின்று இறங்குகிறது. குரலில் இது பிடிபடாத நாட்களில் வீணைப் பதிவுகளுக்குப் போனேன். என்னிடமிருந்த ஒரு பதிவில் அந்தக் காந்தாரத்துக்கு இரண்டு மீட்டுகள் தனித்தனியே விழுவது தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்ட பிறகு குரலிலும் அந்த இரண்டாவது அழுத்தம் எனக்குப் புலப்படத் தொடங்கியது.

நாயகியின் காந்தாரம்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. ஒலியைப் படமாகக் காட்டும் சோனிக் விஷுவலைசர் மென்பொருளில் சுருதிக் கோடு வரைந்து பார்த்தேன். பக்கவாத்திய வயலின் குரலின் நிழலாகவே வருவதால் கோடு திடீர் திடீரென்று ஒரு ஸ்தாயி தாவிவிடுகிறது. இப்படிக் கெட்டுப்போன துண்டுகளைக் கழித்துக்கட்டவே ஒரு வாரம் ஆயிற்று. மிஞ்சியவற்றில் காந்தாரம் தன் இடத்தில் ஒரு கணமும் நிற்கவில்லை. 9/8 விகிதத்தில், அதாவது சட்ஜத்துக்கு மேல் 204 செண்ட் (ஒரு ஸ்தாயியை 1200-ஆகப் பிரிக்கும் சுருதி அளவு) உயரத்தில், ரிஷபத்துக்கு ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். நாயகியின் அசைவு அந்தக் கோட்டிலிருந்து மெல்ல எழுந்து, காந்தாரத்தைத் தொட்டும் தொடாமலும் மீண்டும் அதன்மேலேயே வந்து அமர்ந்தது. இதைச் சித்தப்பாவிடம் காட்டியபோது அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "நாயகியிலே காந்தாரத்தைத் தனியாத் தேடாதேடா, அது ரிஷபத்துக்குள்ளேயே இருக்கும்" என்றார். ஐந்து வாரம் நான் கோடு வரைந்து கண்டதை அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். ஆனால் அந்தக் கோடுகளைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் சொன்னது எனக்குப் புரிந்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

பழைய ஆலாபனைகள் பலவும் சித்தப்பாவின் ஒலிநாடாக்களிலிருந்து வந்தவை. அவற்றை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடா நொடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓட வேண்டும். கருவி சற்று விரைந்தால் சுருதி முழுதும் ஏறிவிடுகிறது. ஸ்வரங்களுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை என்றாலும், ஒவ்வொரு பதிவிலும் ஆலாபனைக்கு முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளிலிருந்து சட்ஜத்தைப் புதிதாகக் குறித்துக்கொள்ளாவிட்டால் எல்லாக் கோடுகளும் பொய் சொல்லும். இந்த நாடாக்களில் நீண்ட பைரவி ராக ஆலாபனை ஒன்றும் இருக்கிறது. இந்த வேலை முடிந்ததும் அதையும் அதேபோல் குழப்பும் மாஞ்சி ராகத்தையும் இதேபோல் அருகருகே வைத்துக் கேட்க எண்ணியிருக்கிறேன். அதற்கென இப்போதே ஆறு துண்டுகள் வெட்டி வைத்துவிட்டேன்.

இன்னும் இந்த வேலை முடியவில்லை. நேற்று தவறிய மூன்று துண்டுகளையும் மறுபடி கேட்டேன். மூன்றுமே காந்தாரத்துக்கு இறங்காமல் மேல் பகுதியிலேயே சுற்றி வருபவை. 'ப த நி ஸ' என்று நேராக ஏறினால் தர்பார், 'ப த நி த ப ஸ' என்று வளைந்து ஏறினால் நாயகி என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த மூன்றும் மேல் சட்ஜத்தில் நின்றபடி 'நி த ப' என்று இறங்க மட்டுமே செய்கின்றன. தர்பாரில் அங்கும் நிஷாதம் ('நி') ஜண்டையாக விழ வேண்டும். அந்த இரண்டாவது நிஷாதம் என் காதில் இன்னும் விழவில்லை. இன்றிரவு அந்த வீணைப் பதிவையே எடுத்து, இந்த முறை நிஷாதத்துக்கான மீட்டுகளை எண்ணப் போகிறேன்.