பொற்றையடியிலிருந்து மருந்துவாழ்மலை உச்சிக்கு

அகத்தியர்கூடம் போகலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது சித்தப்பா சொன்னது இவ்வளவுதான்: "முதல்ல நம்ம மலையில ஏறி எறங்கு மக்களே, பொறவு பாப்போம்." அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயர மலை. கேரளப் பக்கம் போணக்காட்டிலிருந்து காட்டுக்குள் நடந்து, நடுவில் ஒரு ராத்திரி தங்கித்தான் ஏற வேண்டும். எங்கள் மருந்துவாழ்மலை அதில் பாதி உயரம்கூட வராது. ஆனால் வயலையும் தென்னந்தோப்பையும் விட்டால் அடுத்தது மலைதான் என்று நேராக எழும்பி நிற்கிறது, பாதி தூரம் வண்டியில் போய் இறங்கிக்கொள்கிற கதையெல்லாம் இங்கே கிடையாது.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் இந்த மலையைப் பார்த்திருப்பார்கள். சுசீந்திரம் தாண்டி, வழுக்கம்பாறை தாண்டினால் இடது கைப்பக்கம் பாறையும் பச்சையுமாக நிற்கும். நானும் 38 வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து போனவன்தான். அடிவாரத்து ஊருக்குப் பெயர் பொற்றையடி. எங்கள் பக்கத்தில் பொற்றை என்றால் குன்று, பொற்றைக்கு அடியில் இருப்பதால் பொற்றையடி, அந்தப் பெயருக்குள் இப்படி ஒரு மலை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்கு ஏற ஆரம்பித்தோம். முதலில் படிகள், ஓரத்தில் சின்னச் சின்னக் கோயில்கள். படி முடிந்த பிறகுதான் மலை தொடங்குகிறது என்று சொல்லலாம். அப்புறம் பாறை, சரளை, இரண்டு பக்கமும் புல். டார்ச் வெளிச்சத்தில் சித்தப்பாவின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவருக்கு 64 வயது, ஒரு சீராக, பேசிக்கொண்டே ஏறுகிறார், எனக்கோ அரை மணி நேரத்தில் தண்ணீர் பாதி காலி. "மடமடன்னு குடிக்காத, வாயில வச்சு நனைச்சு எறக்கு, கேட்டியா" என்றார். அதற்கப்புறம் அப்படித்தான் குடித்தேன், உச்சி வரைக்கும் தண்ணீர் போதவும் செய்தது.

ஒரு வளைவில் திடீரென்று எலுமிச்சை வாசம். இருட்டில் என்னவென்று தெரியவில்லை, டார்ச் அடித்தால் இடுப்பளவு எலுமிச்சம்புல், நாங்கள் உரசிக்கொண்டு வந்ததில் கசங்கி மணக்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகையில் அதிலிருந்து ஒரு துண்டு விழுந்து இந்த மலை ஆயிற்று, அதனால்தான் இத்தனை மூலிகை என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. அந்த வாசத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை நினைத்தபோது எனக்கு அது வெறும் கதையாகத் தோன்றவில்லை.

பிள்ளைத்தடம் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். 1888-இல் கேரளத்து அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்வதற்கு முன்பு, துறவி ஸ்ரீ நாராயண குரு இங்கே இருந்து தவம் செய்தார். உள்ளே நாலு பேர் நெருக்கி உட்காரலாம். கல் சில்லென்று இருந்தது. வெளியே அவ்வளவு காற்று அடிக்கிறது, உள்ளே ஒரு இலை அசைகிற சத்தம்கூட இல்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம், சித்தப்பாவும் அங்கே மட்டும் பேசவில்லை.

உச்சிக்குப் போகும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. மேலே சிறிய அனுமன் கோயில், கார்த்திகைக்குத் தீபம் ஏற்றுகிற மலை இது. சூரியன் கடலிலிருந்து வருவதைக் கன்னியாகுமரிக் கரையில் நின்று நூறு தடவை பார்த்திருக்கிறேன், முன்னால் எப்போதும் யாருடைய தலையாவது இருக்கும். இங்கே கீழே முழுக்க தென்னை, நடுநடுவே குளங்கள், அறுப்புக்கு நிற்கிற கும்பப்பூ போக நெல்வயல் மஞ்சளாக, அதற்கப்பால் கடல், கடலுக்குள்ளே 133 அடி வள்ளுவர் சிலை ஒரு விரல் நகத்தளவில். சரி, இதைப் பார்க்கத்தானே எல்லாரும் ஏறுகிறார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை.

அப்படியே திரும்பி வடக்கே பாருங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள், அதற்குப் பின்னால் மகேந்திரகிரி, இந்தப் பக்கம் தாடகை மலை, அதற்கும் பின்னால் நீலமாக மடிப்பு மடிப்பாக மலைகள். தபதி ஆற்றுப் பக்கம் ஆரம்பித்து 1,600 கிலோமீட்டர் வருகிற மேற்குத் தொடர்ச்சி மலை, நாம் நிற்கிற இந்தப் பாறையோடு கடலைப் பார்த்து முடிகிறது. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் கோடு போட்டதுதான், ஆனால் அந்தக் கோட்டின் நுனியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூரிய உதயத்துக்காக எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் வடக்கே ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுகிறார்களே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உச்சியில் பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர். குரங்குகள் அந்தக் கவரை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன சாக்குப் பையில் பொறுக்கியது பதினேழு பாட்டில், அதற்குமேல் பை கொள்ளவில்லை.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். வெயில் ஏற ஏற சரளை கால் அடியில் உருளும். படிக்கட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சறுக்கி, வலது உள்ளங்கை நன்றாகச் சிராய்த்துவிட்டது. சித்தப்பா பதறவில்லை. பாதையோரம் குனிந்து வெட்டுக்காயப் பூண்டில் நாலே நாலு இலை கிள்ளினார், மீதி நீரில் கழுவி, விரலில் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்தார். சுரீரென்று எரிந்தது, கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது.

"செடியோட பிடுங்கப்பிடாது, நாளைக்கும் ஒருத்தன் விழுவான்லா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கீழே ஒரு தோப்போரம் அக்கானி, அதாவது பதநீர், விற்றுக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கறை காயாத கையை மடக்க முடியாமல், ஓலைப்பட்டையை இடது கையால் பிடித்துத்தான் குடித்தேன்.