"வேண்டும்" என்றால் கட்டாயமா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தரப் பிரிவு வேலை எனக்கு. போன சீசனில் ஒரு ராத்திரி ஷிப்டில் நல்ல பெங்களூரா மாம்பழக் கூழை லேபில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிரிக்ஸ், அதாவது கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு, 13.4 காட்டியதாம். ஆலையின் தர விதி இப்படி இருந்தது: "20 டிகிரிக்குத் திருத்தப்பட்ட பிரிக்ஸ் அளவானது, வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, 14-க்குக் குறையாதிருத்தல் வேண்டும்." ஆங்கிலத்திலிருந்து அதைத் தமிழாக்கியது நான்தான்.

எங்கள் பிரிக்ஸ் மீட்டர் சூட்டைத் தானாகச் சரிசெய்யாத பழைய வகை. கூழ் சூடாக இருந்தால் குறைத்துக் காட்டும். அன்று 30 டிகிரி. அதற்குச் சுமார் 0.8 கூட்டினால் 14.2 வந்திருக்கும். "திருத்தப்பட்ட" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு முழு வேலையையே நான் புதைத்து வைத்திருந்தேன். யார் திருத்துவது, எவ்வளவு கூட்டுவது என்று எங்குமே இல்லை.

விதிகள் மொத்தத்தையும் திரும்ப எழுத உட்கார்ந்தேன். முதலில் லேபில் மூத்தவரான ஓர் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். நாலாவது விதியிலேயே நிறுத்திவிட்டார். "தம்பி, இதுல 'வேண்டும்'னா செஞ்சே ஆகணுமா, செஞ்சா நல்லதுங்கிறதா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நான் இரண்டையும் "வேண்டும்" ஆக்கியிருந்தேன். இணைய நெறிமுறைகள் எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கவே 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 என்று ஒரு தனி ஆவணம் போட்டார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று 2017-இல் ஆர்.எஃப்.சி. 8174 தெளிவாக்கியது. தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் "வேண்டும்" என்பதையே விதிகளிலிருந்து எடுத்துவிட்டேன். செய்தே தீர வேண்டியதற்கு "கட்டாயம்", தக்க காரணம் இருந்தால் விடக்கூடியதற்கு "நல்லது", அவரவர் விருப்பத்துக்கு "செய்யலாம்". இந்தச் சொற்கள் வேறு பொருளில் எங்கும் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

பிரிக்ஸ் விதி மூன்றாகப் பிரிந்தது. "அளக்கும்போது கூழின் சூட்டையும் எழுதுவது கட்டாயம். பக்கத்து அட்டவணைப்படி கூட்டுவதோ கழிப்பதோ கட்டாயம். வரும் விடை 14 அல்லது அதற்கு மேல் இருப்பது கட்டாயம்." காரணத்தை விதிக்குள் திணிக்காமல் கீழே தனி வரியாக வைத்தேன். நீக்கிய விதிகளின் எண்களை மட்டும் தொடவில்லை. பழைய பதிவேடுகளெல்லாம் அந்த எண்களைச் சொல்லித்தான் எழுதியிருக்கின்றன. ஏழாம் விதி இருந்த இடத்தில் இப்போது "நீக்கப்பட்டது" என்று மட்டும் நிற்கிறது.

ஒவ்வொரு விதியையும் அக்கா வாய்விட்டுப் படித்தார். எங்கே மூச்சு முட்டியதோ அங்கே வெட்டினேன். இரண்டு வாரம் ஆனது.

ஒரு விதி இன்னும் மடங்கவில்லை: "கூழுக்கு இயல்பான மணம் இருப்பது கட்டாயம்." இயல்பு எது என்று அக்காவுக்குத் தெரியும், ராத்திரி ஷிப்டுக்குப் புதிதாக வந்த பையனுக்குத் தெரியாது. இப்போதைக்கு நல்ல கூழில் ஒரு மாதிரியை ஃப்ரீசரில் வைத்து, அதோடு ஒப்பிட்டு முகரச் சொல்லியிருக்கிறேன்.