டிகின்டர் குறிப்புகள்: பெயரும் திரை அளவும்

கடலூர் முதுநகர், 9 ஜூன் 2025, திங்கள்

மீன் ஏலக் கணக்கு நிரல். பைத்தான், அது டிகின்டர் வழியே ஜன்னல் வரையப் பயன்படுத்தும் டிகே 8.6, கவுன்ட்டரில் விண்டோஸ் மடிக்கணினி, திரை அளவு 150%. எழுத்தெல்லாம் மங்கல். பைத்தான் தன்னை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) அறிந்த நிரல் என்று விண்டோஸிடம் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் விண்டோஸ் அதற்கு 96 டிபிஐ என்று காட்டிவிட்டு, வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது.

மருந்து ஒரே வரி: எஸ்எச்கோர் என்ற விண்டோஸ் நூலகத்தில் உள்ள செட்-பிராசஸ்-டிபிஐ-அவேர்னஸை 1 கொடுத்து அழைக்க வேண்டும். முதல் ஜன்னல் பிறக்கும் முன்பே அழைக்காவிட்டால் பயனில்லை. 2 (ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு) கொடுக்கலாமே என்று தோன்றும். ஜன்னலை வேறு அளவுள்ள திரைக்கு இழுத்தால் 8.6 தானாக மாறிக்கொள்ளாது, வேண்டாம்.

10 ஜூன், செவ்வாய்

'டிகே ஸ்கேலிங்' இப்போது 2.0 என்கிறது. ஒரு பாயின்ட்டுக்கு இத்தனை பிக்சல் என்று பொருள்; அங்குலத்துக்கு 72 பாயின்ட், 150% திரையில் 144 டிபிஐ, 144/72 = 2. முன்பு 96/72, அதாவது 1.33. கையால் மாற்றுவதானால் விட்ஜெட் (பொத்தான், லேபிள் போன்ற உறுப்பு) எதையும் உருவாக்கும் முன் மாற்றுங்கள். ஏற்கெனவே நிற்பவை திருந்தும் என்று கையேடு உறுதி தரவில்லை.

இந்த எண்ணுக்குக் கட்டுப்படுபவை நேர் எண்ணில் தந்த எழுத்தளவும், பி (பாயின்ட்), சி (சென்டிமீட்டர்), எம் (மில்லிமீட்டர்), ஐ (அங்குலம்) என்று முடியும் நீளங்களும்தான். வெறும் எண்ணாகத் தந்த பேடிங் (சுற்றிவிடும் இடைவெளி), பிக்சலைக் குறிக்கும் எதிர்மறை எழுத்தளவு, படங்கள் எதுவும் அசையாது. எதிர்மறை 12 என்றிருந்ததை 9 ஆக்கினோம். பேடிங் 8 எல்லாம் 6பி ஆயிற்று.

பெரிய தொல்லை ட்ரீவியூ, அதாவது பட்டியல் காட்டும் அட்டவணை. வரிசை உயரம் 20 பிக்சலிலேயே நிற்கிறது. 'நெத்திலி'யின் மேல்சுழி போச்சு, 'சூடை'யின் கீழ்வளைவும் போச்சு. எழுத்துருவின் லைன்ஸ்பேஸை (ஒரு வரியின் உயரம்) கேட்டு, 6 பிக்சல் கூட்டி, ஸ்டைலில் ரோஹைட்டாகக் கொடுத்தால் சரி. எழுத்துரு 'நிர்மலா யுஐ' என்று வெளிப்படையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தமிழ் வேறொரு எழுத்துருவிலிருந்து வரும், லைன்ஸ்பேஸ் மட்டும் ஆங்கில எழுத்துருவுடையதாக இருக்கும்.

12 ஜூன், வியாழன்

அலுவலக லினக்ஸ் கணினி. 27 அங்குல 4கே திரையிலும் ஸ்கேலிங் 1.33 தான், எக்ஸ் சர்வர் (லினக்ஸில் திரையைக் கவனிக்கும் நிரல்) 96 டிபிஐ என்று சொல்வதை டிகே நம்புகிறது. மூலைவிட்டம் 4406 பிக்சல், 27ஆல் வகுத்தால் 163, அதை 72ஆல் வகுத்தால் 2.27. இதைக் கையால் கொடுத்தோம். தமிழ்தான் இங்கே உருப்படவில்லை: எழுத்துகளைக் கோத்து வடிவமைக்க டிகேக்கு லினக்ஸில் தெரியாது, ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் போய் உட்கார்கிறது. இந்தக் கணினியில் லேபிள்கள் ஆங்கிலத்தில்.

14 ஜூன், சனி

பெயர் விவகாரம். ஜன்னல் தலைப்பு வேறு, டிகே நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் பெயரான 'டிகே ஆப்நேம்' வேறு. லினக்ஸில் இரண்டாவது பிரதியைத் திறந்தால் அதன் பெயர் '#2' ஒட்டிக்கொண்டு வரும். இன்னொரு டிகே நிரலுக்கு உத்தரவு அனுப்பும் 'சென்ட்' கட்டளை, '#2' இல்லாத வெறும் பெயரைத் தேடி முதல் பிரதிக்கே போகும். முதல் பிரதியை மூடினாலும் இரண்டாவதன் பெயர் மாறாது. ஆப்நேம் திருப்பித் தரும் பெயரை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புவதே பத்திரம்.

பெயரின் முதல் எழுத்து சிறிய எழுத்தாக இருக்கட்டும். பெரிய எழுத்தில் தொடங்குவதை ஆப்ஷன் தரவுத்தளம் (நிறம், எழுத்துரு போன்ற அமைப்புகளை வைத்திருப்பது) கிளாஸ், அதாவது வகைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நிரலைத் தொடங்கும்போது கிளாஸ்நேம் ஒன்றைக் கொடுத்தால் டிகின்டர் சிறிய எழுத்தில் பெயரும், பெரிய எழுத்தில் கிளாஸும் வைத்துவிடுகிறது. லினக்ஸுக்கு நிரலின் பெயரும் ஐகானும் சொல்லும் டெஸ்க்டாப் கோப்பின் ஸ்டார்ட்அப்-டபிள்யூஎம்-கிளாஸில் அந்தப் பெரிய எழுத்து வடிவத்தைப் போட்டதும் டாக்கில் (ஐகான் பட்டை) சொந்த ஐகான் வந்தது.