விரதத்துக்குக் குடியை விடுறவரை முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுத்தால் வன்னியில கனபேர் மச்சமும் தொடாயினம், குடியும் தொடாயினம். நல்ல விசயம்தான். ஆனால் விடிய எழும்பினவுடன கால் போத்தல் உள்ளுக்குப் போனால்தான் தேத்தண்ணிக் கிளாசை நடுங்காமல் பிடிக்கிற ஒராள் உங்கட வீட்டில இருந்தால், அவர் டப்பெண்டு நிப்பாட்டுறது உயிருக்கே ஆபத்தா முடியலாம். இதை எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை. அத்தான் செத்துப் பிழைச்ச பிறகுதான் அறிஞ்சனாங்கள்.

சண்டை முடிஞ்சு மெனிக் பாம் அகதி முகாமால வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்த காலத்தில தொடங்கினவர். முதல் கசிப்பு, பிறகு கையில காசு புழங்கச் சாராயம். சண்டை சச்சரவு இல்லாத குடி, அதால ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை. இந்த முறை அக்கா அழுததில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணிட்டார்.

முதல்நாள் வேர்வை, நடுக்கம், சத்தி. விரதக் களை எண்டு மாமி தேசிக்காய் கரைச்சுக் குடுத்தா. அடுத்த நாள் பின்னேரம் ஒருக்கா வலிச்சு இழுத்தது. திறப்புக் கோர்வையைக் கையுக்குள்ள திணிச்சினம். (திறப்பு ஒண்டும் செய்யாது. ஆளைப் பக்கவாட்டில சரிச்சுப் படுக்கவைக்கவேணும். வாய்க்குள்ள ஒண்டும் வைக்கப்படாது.) அதுக்குப் பிறகு ஒரு இரவு, பாயில இல்லாத எறும்பை ஒவ்வொண்டா நுள்ளியெடுத்து வெளியில போடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தால எழும்பி, "கிபிர் வருது, பிள்ளையளை பங்கருக்குள்ள இறக்குங்கோ!" எண்டு கத்தி, மூத்தவளின்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு முத்தத்துக்கு ஓடினார். அவள் சண்டை முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு பிறந்தவள். அவளுக்குக் குண்டு போடுற கிபிர் பிளேனும் தெரியாது, பங்கரும் தெரியாது.

பக்கத்து வீட்டண்ணை "பழைய யோசினை, மனசு குழம்பிட்டுது" எண்டார். மாமி பேய்க்குணம் எண்டு நூல் கட்டுறவருக்கு ஆளனுப்பிட்டா. இஞ்ச ஒராள் கிபிர் எண்டு கத்தினால் வேற காரணத்தை ஆர் தேடப்போயினம்?

ஓட்டோ பிடிச்சுக் கிட்டடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். துண்டு எழுதிறவர் நிமிந்தும் பாக்கேல்லை. "மனநோய்க் கிளினிக் செவ்வாய்க்கிழமை. அடையாள அட்டை எங்க?" அட்டை வீட்டில. மாமி வெக்கத்தில "காய்ச்சல் தம்பி" எண்டா. நான் இடையில விழுந்து குடிக்கதையைச் சொல்ல, "குடிகாரருக்கு இஞ்ச கட்டில் இல்லை, வெறி முறிஞ்சாப்பிறகு கொண்டுவாங்கோ" எண்டார். வெறி முறிஞ்சதுதானே அவற்ற வருத்தமே! பனடோலைத் தந்து அனுப்பி விட்டினம்.

வீட்டுக்கு வர உடம்பு நெருப்பாக் கொதிக்குது, அக்காவையே ஆர் எண்டு கேக்கிறார். 1990க்கு அடிச்சன். இந்த நம்பரை எல்லாரும் போனில போட்டு வையுங்கோ. அம்புலன்சுக்குக் காசில்லை, இரவு பகல் இல்லை. வந்தவன் ஒரு சிங்களப் பெடியன், அரைகுறைத் தமிழ். பிறசர் பாத்து, சீனி பாத்து, "கடைசியா எப்ப குடிச்சது?" எண்டு கேட்டான். அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்காத கேள்வி. நான் சொன்னவுடன றைவரிட்ட ஏதோ சொன்னான். வண்டி கிட்டடி ஆஸ்பத்திரிக் கேற்றைத் தாண்டி நேர பெரியாஸ்பத்திரிக்கு ஓடினது. அந்தக் கேற்றைத் தாண்டேக்க, அந்தப் பதட்டத்திலயும், எனக்கு வந்த திருப்தியைச் சொல்லேலாது.

வாட்டில எல்லாம் ஒழுங்கா நடந்தது. மூளையை அமைதிப்படுத்துற டயசிபாம் குடுத்தினம். சீனிச் சேலைனுக்கு முதல் விற்றமின் பி1 ஊசி போட்டினம். கனகாலம் குடிச்ச உடம்பில பி1 வத்திப்போயிருக்குமாம், அது இல்லாமல் குளுக்கோசை மட்டும் ஏத்தினால் மூளை பழுதாகலாமாம். கையைக் கட்டிலோட கட்டியிருந்ததைப் பாத்து அக்கா குழறினதுதான் தாங்கேலாமல் போச்சு.

டொக்டர் விளங்கப்படுத்தினது இதுதான். குடி மூளையை அமத்தி வைக்கும். வருசக்கணக்கா அமத்தினால் மூளை தன்ர வேகத்தைக் கூட்டி ஈடு குடுக்கும். "பெட்டி நிறைய நெல்லோட முழு றேசில இழுக்கிற உழவு மெசினில கொழுக்கி கழண்டால் எப்பிடிப் பாயும்?" எண்டு கேட்டார். கடைசிக் குடியில இருந்து 6 மணித்தியாலத்துக்குப் பிறகு நடுக்கம் தொடங்கும். வலிப்பு வாறதெண்டால் அனேகமா 48 மணித்தியாலத்துக்குள்ள வரும். எறும்பு, கிபிர் எல்லாம் 48இல இருந்து 96 மணித்தியாலத்துக்குள்ள. பேர் டிலீரியம் ட்றெமென்ஸ். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் காத்திருக்கிற வருத்தமில்லை இது, அண்டைக்கே வாட்டில போடவேண்டிய வருத்தம். வைத்தியம் பாக்காமல் விட்டால் ஆள் சாகலாம்.

அப்ப தொடர்ந்து குடிக்கிறது நல்லது எண்டு ஆரும் தொடங்காதேங்கோ. நிப்பாட்டத்தான் வேணும். நிப்பாட்டுறதுக்கு முதல்லயே போய்ச் சொன்னால், ஆளைப் பாத்து, வீட்டில மருந்தோட நிப்பாட்டலாமோ, வாட்டில வைக்கவேணுமோ எண்டு அவையே சொல்லுவினம். முந்தி ஒருக்கா வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கோ. ஓபிடியில காய்ச்சல் எண்டு மறைக்காதேங்கோ. எவ்வளவு, எத்தினை வருசம், கடைசியா எப்ப எண்டு மூண்டையும் சொன்னால் போதும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட பிறகும் அலைச்சல் முடியேல்லை. மருந்தெடுக்கிற இடத்தில டயசிபாம் முடிஞ்சுதாம், வெளியில எடுக்கட்டாம். பாமசிக்காரன் டொக்டரின்ர சீல் இல்லாத துண்டுக்குத் தரமாட்டன் எண்டிட்டான். அவனில பிழையில்லை, சட்டம் அப்பிடி. ஆனால் திரும்ப பஸ் ஏறினது நான். வாட்டை விட்டு வெளிக்கிட முதல் சீலும் கையெழுத்தும் இருக்கோ எண்டு பாருங்கோ. டயசிபாமை நாளுக்கு நாள் குறைச்சுத்தான் எழுதியிருந்தினம். நல்லா நித்திரை கொள்ளுறார் எண்டு அக்கா அதை இன்னும் கொஞ்சநாள் குடுக்க நிண்டா, நான் விடேல்லை. அந்தக் குளிசையும் பழகினால் விடாது, அதையும் டப்பெண்டு விட்டால் வலிப்பு வரும்.

இன்னொண்டு. சோத்துக்குள்ள தெரியாமல் கலந்து குடுக்கிற மருந்தெண்டு ஊருக்குள்ள ரகசியமா விக்கினம். டைசல்பிராம் எண்ட மருந்து ஒண்டு இருக்குத்தான். அதைப் போட்டிட்டுக் குடிச்சால் முகம் சிவந்து, சத்தி எடுத்து, பிறசர் விழும். தெரிஞ்சு போடுறவன் குடிக்காமல் இருப்பான். தெரியாதவன் குடிச்சிட்டு விழுவான். கிளினிக்கில கேட்டனான், ஆளுக்குத் தெரியாமல் குடுக்கவே கூடாதெண்டு கோவமாச் சொல்லிச்சினம்.

அத்தான்ர கதை பரவினாப்போல ஒரு தாய் தன்ர பெடியனைப் பற்றிக் கேட்டு வந்தா. அது ஹெரோயின். மூக்கால ஓடும், கொட்டாவி, புல்லரிப்பு, வயித்தோட்டம், எலும்பெல்லாம் உளைவு. இரண்டு மூண்டு நாளில உச்சத்துக்குப் போய் ஒரு கிழமையளவில தணியும். சாகிறன் எண்டு கத்துவினம். அனேகமாச் சாகிறேல்லை, நீர் வத்தாமல் பாக்கவேணும். அதில சாவு பிறகுதான் வரும்: கொஞ்சக்காலம் விட்டிட்டுத் திரும்பப் பழைய அளவை எடுத்தால் உடம்பு தாங்காது. பொலிசுக்குப் பயந்து அவா ஒருத்தரிட்டயும் வாய் திறக்கேல்லையாம். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர 1927ஐக் குடுத்தன். மனநல உதவிக்கு 1926. சபையின்ர தங்கிச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, காலி, கண்டிப் பக்கம் இருக்கு, பெடியனுக்குச் சிங்களம் தெரியாது. அதுக்கென்ன வழியெண்டு இன்னும் பாக்கிறம்.

அத்தான் கிளினிக்குக்கு ஒழுங்காப் போறார். அறுவடை நேரம் ஒருக்கா வழுக்கினவர்தான். கொப்பியை நீட்டேக்க ஏச்சு விழும் எண்டு நிண்டம், டொக்டர் ஏசேல்லை, ஆரோட எங்க குடிச்சனீங்கள் எண்டு மட்டும் கேட்டு எழுதினார். அடுத்த முறைக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி எழுதியிருக்கு. அக்கா "நானோ குடிச்சனான்?" எண்டு மாட்டன் எண்டு நிக்கிறா. கிளினிக் வரமுதல் அவவோட கதைச்சு வழிக்குக் கொண்டு வரவேணும்.