டிக்கிக்குள்ள எல்லாம் இருக்கு

இவர் வின்ரருக்கு ஆயத்தமாகிற விதம் உங்களுக்குத் தெரியும்தானே. ஒக்ரோபர் பிறந்தால் ஃபமிலி குரூப்பில முதல் மெசேஜ் வரும்: "7 டிகிரிக்குக் கீழ போனால் ஓல் சீசன் ரயரின்ர ரப்பர் இறுகிப்போகும். உடன மாத்தவும்." கீழ, மலைக்குள்ள பனிப்பூ போட்ட வின்ரர் ரயர் அடையாளத்தின்ர படம். கொழும்பில இருக்கிற மச்சாளும் அதுக்குக் கை கூப்பி அனுப்புவா. கொழும்பு எப்ப 7 டிகிரிக்குப் போறது, அவ எப்ப ரயர் மாத்திறது!

ரொறொன்ரோவில எங்கட கராஜுக்குள்ள கார் நிண்டு கன காலம். அது ரயர் குடியிருக்கிற இடம். வின்ரர் ரயர் போட்டால் இன்ஷூரன்ஸ்காரர் கழிவு குடுக்கோணும் எண்டு ஒன்ராறியோவில 2016இல விதி வந்ததில இருந்து இவருக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி. மிச்சம் பிடிக்கிற காசு முழுக்கக் காரின்ர டிக்கிக்குள்ள போகும். ஸ்னோ அள்ளுற பெரிய சவள், மடக்குச் சவள், கயிறு, கம்பளி, டோர்ச், -40 வரைக்கும் உறையாத, கார்க் கண்ணாடி கழுவுற வொஷர் தண்ணி, பூனைக்குப் போடுற மண் ஒரு மூட்டை. எங்களிட்டப் பூனை இல்லை. சில்லு சறுக்கினால் கீழ கொட்டவாம்.

பழைய பால்மாப் பேணிக்குள்ள மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் வேற. இதென்னத்துக்கு, திவசம் செய்யவோ எண்டு கேட்டன். அதுக்கு ஒரு பிரசங்கம். ஸ்னோவுக்குள்ள மாட்டுப்பட்டால் எஞ்சினை விடாமல் ஓட விடக்கூடாதாம். புகைக்குழாயை ஸ்னோ மூடினால் கார்பன் மொனொக்சைட் உள்ளுக்கு வரும், மணக்காது, ஆளை நித்திரையாக்கிப் போடும். முதல்ல இறங்கிக் குழாயடியைத் துப்பரவாக்கோணும், எஞ்சினை இடைக்கிடைதான் போடோணும், மிச்ச நேரத்துக்குப் பேணிக்குள்ள மெழுகுதிரி, ஜன்னல் ஒரு விரலளவு திறப்பு. எல்லாம் சரியான கதைதான். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

நவம்பரில ரயர் மாத்தின கராஜ்க்காரத் தம்பி, "அண்ணை, பற்றரி களைச்சுப்போச்சு, மாத்துவமோ?" எண்டு கேட்டவர். நான் பக்கத்தில நிண்டு கேட்டனான். இவர் சொன்ன மறுமொழி: "இன்னும் ஒரு வின்ரர் இழுக்கும்." -18இல பற்றரியின்ர பலம் பாதியாப் போகும், அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஒயில் தடிச்சு இன்னும் கூட பலம் கேட்கும் எண்டு எங்களுக்கு வருசாவருசம் வகுப்பெடுக்கிற மனிசன் இவர். வகுப்பு எங்களுக்கு மட்டும்தான் போல.

சரி, நாங்கள் மொன்றியல் போன கதைக்கு வாறன். அக்காவின்ர மகளின்ர சாமத்திய வீடு. சனவரியில ஹோல் வாடகை குறைவெண்டு அத்தான் அந்த நாளைப் பிடிச்சவர். ஹோலில மிச்சம் பிடிச்சதை விருந்தாளியள் கால் விரலால கட்டினம். 401 பெருந்தெருவில கிங்ஸ்ரன் தாண்டினாப் பிறகு லொறி ஒவ்வொண்டும் முந்தேக்க கண்ணாடியில சேறும் உப்பும் அள்ளி எறிஞ்சுகொண்டு போச்சு. இவருக்குச் சந்தோசம், வொஷர் தண்ணி உறையேல்லையாம். கியூபெக் எல்லையில பின்னுக்குத் திரும்பி, "இஞ்ச டிசம்பர் 1இல இருந்து மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டம். நம்மட ஊரிலதான் சட்டமில்லாத சனம்" எண்டு பிள்ளையளுக்குச் சொன்னவர். பிள்ளையள் காதில ஹெட்ஃபோன். மாமி மட்டும் "ஓமடா தம்பி" எண்டவ.

அக்கா வீடு பார்க் எக்ஸ்ரென்ஷனில, ரெண்டாம் மாடி. மொன்றியல்காரர் மாடிப்படியை வீட்டுக்கு வெளியில, வளைச்சு, இரும்பில கட்டி வைச்சிருக்கினம். ஐஸ் பிடிச்ச அந்தப் படியில மாமியை ஏத்தினது தனிப் பதிவு. அதால இரவு ஒருத்தருக்கும் திரும்ப இறங்கிச் சாமான் எடுக்க மனமில்லை. சேலை, நகைப்பெட்டி, ஆரத்தித் தட்டு, மாமி ரெண்டு நாள் நிண்டு சுட்ட பயற்றம் பணியாரம் எல்லாம் டிக்கிக்குள்ளயே இருக்கட்டும், குளிருக்குப் பழுதாகாது எண்டு விட்டாச்சு. கார் றோட்டில.

விடிய அத்தான் ஜன்னலால பார்த்துக் குளறினார். றோட்டில செம்மஞ்சள் பலகை குத்தியிருக்கு. காலமை 7இல இருந்து ஸ்னோ அள்ளப் போகினம், அதுக்குள்ள காரை எடுக்காட்டி இழுத்துக்கொண்டுபோய் வேற றோட்டில விட்டிடுவினம். பிறகு தெருத்தெருவாக் காரைத் தேடோணும். வெளியில -27. இவர் சிரிச்சுக்கொண்டு சாவியோட இறங்கினவர், வின்ரரே உம்மைப் பார்த்துக்கொள்ளுறன் எண்ட மாதிரி.

கார் டிக் எண்டுது. பிறகு அந்த டிக்கும் இல்லை.

"பயப்பிடாதையும், ஜம்பர் கேபிள் இருக்கு" எண்டார். எங்க? டிக்கிக்குள்ள. டிக்கி எப்பிடித் திறக்கிறது? பட்டனில. பட்டனுக்கு என்ன வேணும்?

ஆள் என்னைப் பார்த்தார். நான் ஆளைப் பார்த்தன். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நான் வாயைத் திறக்காமல் நிண்டது அண்டைக்குத்தான். வாய் உறைஞ்சுபோச்சு எண்டும் வைச்சுக்கொள்ளலாம்.

றிமோட்டுக்குள்ள ஒளிச்சிருந்த குட்டிச் சாவியால முன்கதவைத் திறந்தாச்சு. உள்ளுக்கிருந்தும் டிக்கியைத் திறக்க ஒரு வழி இருக்காம், புத்தகத்தில போட்டிருக்காம். ஆனால் அதுக்கு முன்னால பூனை மண் மூட்டை. ஆகவே பின் சீற்றை மடிச்சு, அந்த இடைவெளிக்குள்ளால சின்னவனைத் தலைகீழாத் தள்ளினம். அவன் ஒவ்வொண்டா வெளியில தந்தான். சவள். மற்றச் சவள். கயிறு. கம்பளி. மெழுகுதிரிப் பேணி. "அப்பா, இதில பாட்டியின்ர பேர் எழுதியிருக்கு." வாங்கிப் பார்த்தால் சிப் வைச்சு மூடுற பை, அதுக்குள்ள மாமியின்ர பிறஷர் குளிசை, சீனிக் குளிசை, ஒரு சோடி கம்பளிச் சப்பாத்து. அடுத்தது என்ர பேரில. கை சூடாக்கிற பொட்டலமும், என்ர ஆஸ்மாப் பம்பும், நான் விரும்பிச் சாப்பிடுற எள்ளுப்பாகும். பிள்ளையள் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பை. இவருக்கெண்டு ஒரு பையும் இல்லை.

இவர் கனடாவுக்கு வந்த புதுசில இதே பார்க் எக்ஸ்ரென்ஷனில ஒரு பேஸ்மென்ரில பெடியளோட இருந்தவர். 1998 சனவரி. மழை விழுந்து விழுந்து அப்பிடியே ஐஸாகி, மின்சாரக் கோபுரங்கள் சரிஞ்சு, கியூபெக்கில லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கா இருட்டில கிடந்த அந்த ஐஸ் புயல். எல்லாரும் ஒரு மெழுகுதிரியைச் சுத்தி, இருக்கிற உடுப்பெல்லாத்தையும் போட்டுக்கொண்டு இருந்ததெண்டு எப்பவோ ஒருக்கால் சொன்னவர். பிறகு அதைப் பற்றிக் கதைச்சதில்லை. பேணி மட்டும் வருசாவருசம் புதுசா வரும்.

இதையெல்லாம் யோசிச்சு நான் இளகிக்கொண்டு வரேக்க மேல இருந்து மாமி, "தம்பி, பணியாரப் பேணி கவனம்!" எண்டு கத்தினா. அதோட தெருமுனையில சைரன். போலிஸ் சைரன் இல்லை. ரெண்டு சுருதியில மாறிமாறி ஊளையிட்டுக்கொண்டு வாற இழுவை வண்டி. ஸ்னோ அள்ளமுதல் சனத்தை எழுப்பிறதுக்கு இப்பிடித்தான் வருமாம்.

கடைசியா, எல்லாத்துக்கும் அடியில இருந்து, கேபிள் வந்தது. இனி ஒரு நல்ல பற்றரிக் கார் வேணும். அத்தானிட்ட இருக்கிறது எலெக்ட்ரிக் கார். மற்றக் காருக்கு அதால ஜம்ப் குடுக்கக்கூடாதெண்டு அதின்ர புத்தகத்தில இருக்காம். சீலை கட்டாமல், சுவெற்றருக்கு மேல சுவெற்றர் போட்டுக்கொண்டு, சுத்தவரச் சவளும் பணியாரமும் பரப்பி வைச்சு நடுறோட்டில நிக்கிறம். யாரும் பார்த்தால் வின்ரர் சாமானுக்குக் கடை போட்டிருக்கிறம் எண்டு விலை கேட்டிருப்பினம்.

இழுவை வண்டி பக்கத்தில வந்து நிண்டுது. உள்ளுக்கிருந்து ஒரு பெண்பிள்ளை, இருபத்தஞ்சு வயசு வராது. கடையைப் பார்த்தா, காரைப் பார்த்தா, பிரெஞ்சில என்னவோ கேட்டா. அத்தான் மறுமொழி சொன்னவர். அவ செத்த பற்றரியை எழுப்பிற பூஸ்ரர் பெட்டி ஒண்டோட இறங்கினா. இவர் உடன ஆங்கிலத்தில வகுப்பைத் துவங்கினார்: சிவப்பு முதல் பிளஸ்ஸில, கறுப்பைக் கடைசியா, பற்றரியில இல்லை, எஞ்சினில வெறும் இரும்பா இருக்கிற இடத்தில, இல்லாட்டிப் பொறி பறந்தால் பற்றரி வாயு பத்தும். அவ "வுய், வுய்" எண்டுகொண்டு அவர் சொல்லி முடிக்கமுதல் மாட்டி முடிச்சிட்டா. கார் உறுமிச்சு. டிக்கியும் தானாத் திறந்துது. உள்ளுக்கு ஒண்டுமில்லை.

அவ கையைக் காட்டி, "போ போ" எண்டா. காசு நீட்ட வேண்டாமெண்டிட்டா. மாமி கத்தின கத்தில பணியாரப் பேணியை நீட்டினன், ரெண்டை எடுத்துப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு அடுத்த காருக்குச் சைரன் அடிக்கப் போயிற்றா.

ஹோலில இவர் இந்தக் கதையைச் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கோணும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வேர்சன். கடைசி மேசையில அந்தப் பெண்பிள்ளைக்கு இவர்தான் கறுப்புக் கொழுவியை எங்க மாட்டுறதெண்டு காட்டிக்குடுத்தவர்.

ரொறொன்ரோ வந்த கையோட லித்தியம் பூஸ்ரர் ஒண்டு வாங்கியாச்சு. விலை சொல்ல மாட்டன், மாமியும் இதை வாசிக்கிறவ. லித்தியத்துக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம், அதால காரில வைக்கக்கூடாதாம். சாமியறை ஹீற்றருக்குப் பக்கத்தில, பிள்ளையாருக்குக் கீழ, துவாய் போர்த்து வைச்சிருக்கிறார்.

நேற்று என்னை வேலையில இறக்கேக்க கேட்டன், "இஞ்சேருங்கோ, பற்றரி மாத்தேல்லையோ?"

"ஏன்? பூஸ்ரர் இருக்கே."