கர்னலுக்குள் ஏசிஎல் காவல்: மூன்று வாசல்களைக் கண்டுபிடித்த கதை

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் லினக்ஸில் ஃபைல் சர்வராக ஓடுகிறது. குடும்பப் பத்திரங்களின் ஸ்கேன்கள் அதில்தான் இருக்கின்றன. யாருக்கு என்ன அனுமதி என்று ஃபைலோடு சேர்த்து வைக்கும் பட்டியலான ஏசிஎல்லில் அக்காவுக்குப் படிக்கவும் எழுதவும், தம்பிக்குப் படிக்க மட்டும் அனுமதி. அக்கா வேலையை முடித்ததும் மாஸ்க்கை 'படிக்க மட்டும்' என்று இறுக்கினேன். பெயர் சொல்லிக் கொடுத்த அனுமதிகளுக்கும் குழுக்களுக்கும் மாஸ்க்தான் உச்சவரம்பு. சில நாள் கழித்துப் பார்த்தால் எழுதும் அனுமதி மறுபடி திறந்து கிடந்தது. யார் திறந்தார்கள் என்று லினக்ஸின் உள்மையமான கர்னலிடமே கேட்டுவிடலாம் என்றுதான் இதில் இறங்கினேன்.

கர்னலைத் திருத்திக் கம்பைல் செய்யும் துணிவு இல்லை. அதனால் கர்னல் 5.7 பதிப்பில் வந்த பிபிஎஃப் எல்எஸ்எம்மை எடுத்தேன். பிபிஎஃப் என்பது ஓடும் கர்னலுக்குள் சிறு நிரல்களை ஏற்றும் வசதி, எல்எஸ்எம் என்பது கர்னலின் பாதுகாப்புச் சட்டகம். ஒரு செயலுக்கு முன் கர்னல் அனுமதி கேட்கும் இடங்களான எல்எஸ்எம் கொக்கிகளில் நம் சிறு நிரலை மாட்டலாம். அது பூஜ்யம் திருப்பினால் வேலை தொடரும், பிழை எண் திருப்பினால் அங்கேயே நிற்கும். வழக்கமான அனுமதிச் சோதனை மறுத்ததை இது திறந்துவிட முடியாது, இறுக்க மட்டுமே முடியும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் நாள் முழுக்க வீண். நிரல் பிழையில்லாமல் ஏறியது, ஆனால் ஒரு வரி லாக் கூட வரவில்லை. கர்னல் தன் பாதுகாப்பு விவரங்களைக் காட்டும் செக்யூரிட்டிஎஃப்எஸ்ஸில், இயங்கும் எல்எஸ்எம்களின் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் அதில் பிபிஎஃப் இல்லை என்று தெரிந்தது. கர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் சேர்த்து மறுதொடக்கம் செய்ததும் ஓடியது.

அப்போது கர்னல் 5.15. ஏசிஎல் எழுதுவது, ஃபைலோடு ஒட்டும் கூடுதல் தகவல்களுக்கான 'ஐநோட் செட்எக்ஸ்ஆட்டர்' கொக்கி வழியாக வந்தது. கைக்குக் கிடைப்பது வெறும் பைட்டுகள்: 4 பைட் தலைப்பு, பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட். பிரித்துப் படித்து, பத்திர ஃபோல்டரின் ஐநோட் எண் (ஃபைல்சிஸ்டம் தரும் அடையாள எண்) என்றால் மறுத்தேன். 'ஆபரேஷன் நாட் பர்மிட்டட்' என்று எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டுக்கே பதில் வந்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சி.

அப்புறம் கர்னலை 6.8க்கு மாற்றினேன். காவல் மௌனமாகிவிட்டது, ஏசிஎல்லை மாற்றும் செட்எஃப்ஏசிஎல் கட்டளை தாராளமாக நுழைந்தது. 6.2 பதிப்பிலிருந்து ஏசிஎல்லுக்கென்று தனிப் பாதை வந்துவிட்டதுதான் காரணம். எழுத 'ஐநோட் செட் ஏசிஎல்', நீக்க 'ஐநோட் ரிமூவ் ஏசிஎல்' என்று கொக்கிகளே வேறு. இது நல்ல மாற்றம் என்பேன். இப்போது பைட்டுகளுக்குப் பதில், பிரித்து வைத்த பதிவுகளே கையில் வருகின்றன. ஆனாலும் சுற்று எழுதிப் பதிவுகளைப் படித்தபோது, நிரலை ஏற்றும் முன் சோதிக்கும் வெரிஃபையர் ஏற்கவில்லை. மாறும் எண்ணை வைத்து, பதிவுகள் இருக்கும் நினைவக இடத்தைக் காட்டும் சுட்டிக்குள் நகரக்கூடாதாம். ஒவ்வொரு பதிவாக என் நிரலின் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்குக்கு நகலெடுத்து, சுற்றுக்கு 32 என்று வரம்பு போட்ட பிறகுதான் விட்டது.

எழுதும் வாசலையும் நீக்கும் வாசலையும் அடைத்தாயிற்று. மறுநாள் காலை பார்த்தால் மாஸ்க் மறுபடி திறந்திருந்தது, லாக்கில் ஒன்றுமே இல்லை!

இரவில் ஓடும் என் பேக்கப் ஸ்கிரிப்டில், அனுமதிகளை மாற்றும் 'சிஎச்மாட் 770' என்று ஒரு வரி இருந்தது. ஏசிஎல் உள்ள ஃபைலில் நடு இலக்கம் குழுவின் அனுமதி அல்ல, மாஸ்க். 7 (எல்லா அனுமதியும்) என்று போட்டதும் அக்காவின் பழைய எழுதும் அனுமதி உயிர் பெற்றுவிட்டது. கர்னல் மூலத்தைப் படித்துப் பார்த்தேன்: சிஎச்மாட் நடக்கும்போது ஃபைல்சிஸ்டமே ஏசிஎல்லை நேரடியாகத் திருத்துகிறது, ஏசிஎல் கொக்கியைக் கூப்பிடுவதே இல்லை. முன்னதாக வரும் 'ஐநோட் செட்ஆட்டர்' கொக்கியில்தான் பிடிக்க வேண்டும். அங்கே மோட் (சிஎச்மாட் மாற்றும் அனுமதி இலக்கங்கள்) மாறுகிறதா என்று மட்டும் பார்த்து மறுத்தேன். இரண்டு வாரம் தேடியது ஆறு வரியில் முடிந்தது. ஸ்கிரிப்டிலும் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

இப்போது மூன்று கொக்கிகளும் நிற்கின்றன. ரூட்டாக உள்ளே வருபவர் நிரலையே கழற்றிவிடலாம் என்பது தெரியும். என் வீட்டுக்கு இது போதும். ஆனால் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது. சில எடிட்டர்கள் புது ஃபைல் எழுதிப் பழைய பெயருக்கு மாற்றிவிடுகின்றன. ஐநோட் எண் மாறியதும் என் பட்டியலில் அந்த ஃபைல் இல்லை. அடுத்த வாரம் ஐநோட் எண்ணை விட்டுவிட்டு, தாய் ஃபோல்டரை வைத்து அடையாளம் காண முயலப்போகிறேன்.